குன்றிய வினை

முதல் ஷிப்ட் முடிந்து இரண்டரை மணிக்கு
கேண்டீன் மேசைகளைத் துடைத்துவிட்டு
ஓசூர் கம்பெனியில் எங்களுக்கு இங்கிலீஷ் வகுப்பு.
சாம்பார் வாடைக்கு நடுவே வெள்ளைப் பலகையில்
இன்று ஒரே ஒரு வினைச்சொல்:
அட்ஜஸ்ட்.

சிரித்துவிட்டோம்.
இதைப் போய் யாராவது சொல்லித் தரணுமா?
சூளகிரி பஸ்ஸில், மூன்று பேர் சீட்டில்
நான்காவதாக ஓர் இடுப்பு நுழையும்போதே
கற்றுக்கொண்டதாயிற்றே.

டிரெய்னர் பிரஜ்வலுக்கு என் கடைசித் தம்பி வயது.
ஆளுக்கொரு வாக்கியம் எழுதச் சொன்னான்.
நாகவேணி எழுதினாள்: ஐ டூ அட்ஜஸ்ட்.
நான் எழுதினேன்: ஐ அட்ஜஸ்டட்.
முற்றுப்புள்ளியும் வைத்தேன், அழுத்தி.

அவளிடம், டூ வேண்டாம் என்றான்.
நாம்தான் எதற்கும் ஒரு பண்ணு ஒட்டுகிறோம்,
கால் பண்ணு, வெயிட் பண்ணு, மேரேஜ் பண்ணு.
அங்கே அது தனியாகவே நிற்குமாம்.

என் தாளைப் பார்த்து, "எதை?" என்றான்.

எதை என்றால்?

"எதை அட்ஜஸ்ட் செஞ்சீங்க? கண்ணாடியா, சீட்டா, பெல்ட்டா?
ஒரு ஆப்ஜெக்ட் வேணும் அக்கா."

ஊத்தங்கரைப் பள்ளியில் ஒரு மார்க் கேள்வி இது.
செயப்படுபொருள் வந்தால் குன்றா வினை,
வராவிட்டால் குன்றிய வினை.
அன்று சரியாக எழுதியவள்தான்.
இன்று பேனா நகரவில்லை.

கல்யாணமாகி வந்த முதல் வாரம்
மாமியார் தெலுங்கில் சொன்னார்: சர்துகோ.
பாகலூர் ரோட்டில் வாடகைக்குப் பார்த்த வீட்டில்
தண்ணீர் ஏறாத மூன்றாம் மாடியைக் காட்டி
ஓனரம்மா கன்னடத்தில்: ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி.
அம்மா போனில், தமிழில்தான்,
பக்கத்தில் யாரோ இருப்பதுபோல் குரலை இறக்கி:
அனுசரிச்சுப் போடி.

மூன்று பாஷையிலும் எதை என்று இல்லை.
நானும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் ஒரு ரசீதாவது மிஞ்சியிருக்கும்,
தேதி போட்டு.

தெரியாத வேலையா என்றால், அதுவும் இல்லை.
காலை ஆறு மணிக்கு, பனி விலகுமுன்
டயல் கேஜை மாஸ்டர் பீஸ் மேல் வைத்து
முள்ளை ஜீரோவுக்குத் திருப்புகிறவள் நான்.
அதற்கப்புறம்தான் ஷாஃப்ட்டைத் தொடுவேன்.
டிராயிங்கில் போட்ட அளவை மயிரிழை தாண்டினாலும்
சிவப்பு டப்பா.
திருகுவது கேஜைத்தான்.
கொஞ்சம் வளைந்து கொடேன் என்று
எந்த ஷாஃப்ட்டிடமும் யாரும் கெஞ்சியதில்லை.

கடைசியில், வாட்ச்சைப் பார்த்தபடி பிரஜ்வல் சொன்னான்:
ஆப்ஜெக்ட் இல்லாமலும் வரும், ஆனால் பின்னாலே ஒரு டு போடணும்.
கண்ணு இருட்டுக்குப் பழகுற மாதிரி.
"அதுக்குக் கொஞ்சம் டைம் ஆகும்."

"பதினொரு வருஷம்" என்றாள் நாகவேணி,
என்னைப் பார்க்காமல்.
அவன் அதைச் சரியான பதில் என்று நினைத்து
வெரி குட் என்றான்.

பேனாவில் எழுதியது, அழிக்க வழியில்லை.
முற்றுப்புள்ளிக்கு ஒரு வால் இழுத்துக்
கமா ஆக்கிவிட்டு எழுந்தேன்.

பஸ்ஸில் பேரண்டப்பள்ளி தாண்டி ஒருத்தி ஏறினாள்.
புது ஐடி கார்டு, புது ஷூ, கடித்த காலோடு நொண்டிக்கொண்டு.
"அக்கா, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க."

"எதை?" என்றேன்.
சண்டைக்கு இல்லை. நிஜமாகவே கேட்டேன்.

விழித்தாள். சீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
அப்புறம் விரல் நீட்டி,
"அந்தப் பையை, அக்கா."

பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.
நான் நகரவில்லை.
அவள் உட்கார்ந்தாள்.